கரடி வெற்றிலை போடுமா?

கத்தரீனாளுக்குக் கோபம் வந்தால் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்றுகூட ஓரமாக ஒதுங்கி நின்று, "நான் போகலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். இதைச் சொல்பவர் அவளுடைய உதவியாளர் ராமபத்ரன். கல்பாத்திக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். எலப்புள்ளியில் டயர் கடை மாடியில் அவள் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் பாதி நேரம் வேலை, மீதி நேரம் வாய்ச்சவடால் என்று காலம் தள்ளுபவர்.

அன்றைக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் காற்று எதையும் கேட்கவில்லை. மொத்தமாக நின்றேவிட்டது.

காரணம், டிக்கெட் கவுண்டர்.

'பெரியகளம் பாரம்பரிய மிருகக் காட்சிப் பூங்கா' என்று ஆனை உயரத்துக்கு எழுதிய வளைவுக்குக் கீழே, கம்பி போட்ட அந்தச் சின்ன அறையில், ஒரு மனிதனை உட்காரவைத்து வெளியே பூட்டியிருந்தார்கள். திறப்பு விழா நாலு மணிக்கு. முன்கூட்டியே வந்துவிட்ட கூட்டம் கம்பி வழியாக எட்டிப் பார்த்துச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "அங்க பாரு கண்ணு, திருடன்!" என்று காட்டினார். குழந்தை கைதட்டியது.

உள்ளே இருந்தவர் மொக்கையன், பூங்காவின் காவலாளி. அவர் காவல் காத்த கரடிக் கூண்டின் இரும்புக் கதவு முந்தாநாள் காணாமல் போய்விட்டது. கூண்டிலிருந்து கரடி தப்பித்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கூண்டை விட்டுக் கதவு தப்பித்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். கதவை அவர்தான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்பது பூங்கா முதலாளி ஸ்ரீஜித்தின் குற்றச்சாட்டு. நாலு மணிக்குள் கதவு வராவிட்டால், மந்திரியோடு வரும் போலீஸிடமே மொக்கையனை ஒப்படைத்துவிடுவதாக ஏற்பாடு.

"ஏனுங்க, எங்கப்பன் ஒரு ஆணியக்கூட எடுத்ததில்லீங்க," என்றாள் அனுப்பிரியா. மொக்கையனின் மகள், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முந்தின நாள் மாலை டயர் கடை மாடிக்கு ஓடி வந்து இவர்களைப் பிடித்தவள் அவள்தான். "கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க. எடுத்தேன்னும் சொல்லல, எடுக்கலைன்னும் சொல்லல. அந்த வாய வெத்தலை போட மட்டுந்தான் தொறக்கறாரு."

கத்தரீனாள் கூட்டத்தைப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சித்திரபுரத்து மலைப் பனியில் வளர்ந்த குரல் அவளுடையது. இந்த மலையில் கூப்பிட்டால் அந்த மலையில் திரும்ப வேண்டும்.

"இங்க என்ன, கொரங்கா வித்தை காட்டுது? போனை உள்ள வைக்கீங்களா, நான் வாங்கி அந்தக் கெணத்துல போடட்டுமா?"

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. ராமபத்ரன் இருபதடி பின்வாங்கினார், பழக்க தோஷம்.

மொக்கையன் தலை நிமிரவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். டப்பாவிலிருந்து சுண்ணாம்பை ஆள்காட்டி விரலால் வழித்துத் தடவினார். விரலில் மிஞ்சியதை, வெற்றிலை போடுகிற எல்லோரும் செய்வதுபோல, பக்கத்துச் சட்டத்தில் இழுத்துத் துடைத்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு, நுனியில் ஒரு சின்ன வளைவு. அந்தச் சட்டம் முழுக்க அதே மாதிரி வெள்ளைக் கோடுகள், பழசும் புதுசுமாக.

"அண்ணாச்சி, கதவு எங்க?" என்றாள் கத்தரீனாள்.

அவர் வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். அவ்வளவுதான் பதில்.

"மேடம், பல்லு நன்னா இருக்கு. வாய்தான் பூட்டிக் கெடக்கு," என்று ராமபத்ரன் தூரத்திலிருந்தே அறிக்கை கொடுத்தார்.

ஸ்ரீஜித் வந்தார். நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட வேட்டி நடக்கும்போது தகரம் மாதிரி சத்தம் போட்டது.

"வாங்க மேடம். எனக்கு அந்த ஆளு மேல ஒரு விரோதமும் இல்ல. கதவு வந்தா மதி, அது போதும். இன்னிக்கு உத்காடனம், திறப்பு விழா. என்னோட மெயின் ஐட்டமே அந்தக் கதவுதான்." நடந்துகொண்டே அவர் தன் குடும்பப் பெருமையை அவிழ்த்துவிட்டார். "என் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்துலயே கப்பலேறி ஐரோப்பா போய் வந்தவர். அங்க ராஜாக்கள் மட்டும் பாத்துட்டிருந்த மிருகங்கள, சாதாரண ஜனங்களும் பாக்கறதுக்குத் தொறந்துவிட்டிருந்தாங்க. அதைப் பாத்துட்டு வந்து, இதோ, இதே எடத்துல ஆரம்பிச்சாரு. ஏழை பாழை யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்!"

"லண்டன் கோட்டையிலயும் ஏழை பாழையை விட்டிருக்கா," என்றார் ராமபத்ரன். "அங்க சிங்கம் வெச்சிருந்தா. கையில காசில்லேன்னா ஒரு பூனையோ நாயோ பிடிச்சுண்டு வந்து கொடுத்தாப் போறும். நீ சிங்கத்தைப் பாக்கலாம், சிங்கம் உன் நாயைப் பாக்கும். அப்புறம் நாய் யாரையும் பாக்காது. கேட்டேளா?"

ஸ்ரீஜித் கேட்டுக்கொள்ளவில்லை. வழியெல்லாம் பழைய கல் கூண்டுகள். உள்ளே ஃபைபரில் செய்த புலி, ஃபைபரில் செய்த மான், கொட்டாவி விடுகிற ஒரு ஃபைபர் முதலை. எல்லாவற்றுக்கும் ஒரே சிற்பி போலிருக்கிறது. எல்லாம் ஒரே முகஜாடையில் ஸ்ரீஜித்தைப் பார்த்துச் சிரித்தன.

கடைசியில் கரடிக் கூண்டு. மூன்று பக்கம் கருங்கல் சுவர். முன்பக்கம் வரிசையாகக் கம்பி. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிய ஓட்டை. கதவு இருந்த இடம். பக்கத்து மேசையில் கரடி முகமூடிகள் குவித்து வைத்திருந்தார்கள்.

"செல்ஃபி பாயின்ட்," என்றார் ஸ்ரீஜித். "முகமூடி போட்டு உள்ள நிக்கணும், கதவைச் சாத்தணும், போட்டோ எடுக்கணும். கதவில்லாம என்ன கூண்டு? உள்ள பாருங்க. எல்லாம் ஒரிஜினல். ஒரு சுண்ணாம்பு, ஒரு பெயின்ட் அடிக்க விடல. அந்தக் காலத்துக் கரடியோட நகம் பட்ட தழும்பு இன்னும் சுவத்துல இருக்கு!"

கத்தரீனாள் உள்ளே போனாள்.

கூரை கறுத்திருந்தது. மூலையில் மூன்று கல், மூன்றும் உள்பக்கம் பார்த்துக் கறுத்துக் கிடந்தன. பக்கத்தில் தரையோடு பதித்த ஒரு சதுரக் கல். நடுவில் தேய்ந்து தேய்ந்து குழிந்திருந்தது.

பிறகு சுவர். கரடியின் நகத் தழும்பு என்று ஸ்ரீஜித் சொன்னவை வெள்ளை வெள்ளையாக இருந்தன. மேலிருந்து கீழே ஒரு கோடு, நுனியில் ஒரு சின்ன வளைவு. உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் நூற்றுக்கணக்கில். காய்ந்து கல்லோடு கல்லாகிவிட்ட சுண்ணாம்பு.

அவள் குனிந்தாள். முழங்கால் உயரத்தில், தனியாக ஒரே ஒரு கோடு. சுண்டு விரலைவிடச் சின்ன விரல். பெரியவர்கள் இழுத்ததைப் பார்த்துத் தானும் இழுத்த கோடு.

"வே சாமி," என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. ராமபத்ரன் சட்டென்று உள்ளே வந்தார். அவள் கத்தும்போது இருபதடி தள்ளி நிற்பவர், அவள் குரலைத் தாழ்த்தினால் பக்கத்தில் வந்துவிடுவார். "கரடி வெத்தலை போடுமாவே?"

"போடாது மேடம். ஏலக்கா கெடைக்காது."

"அடுப்பு மூட்டுமா? அம்மியில அரைக்குமா?"

ராமபத்ரன் கூரையைப் பார்த்தார். மூன்று கல்லைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாய்க்கு வந்த கேலியை அப்படியே விழுங்கிவிட்டார். பாலக்காட்டுச் சரித்திரத்தில் இது பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சம்பவம்.

"ஹாம்பர்க்ல ஒரு மிருக வியாபாரி இருந்தான்," என்றார் பிறகு. "பாரிஸ்லயும் இந்தக் கூத்து நடந்தது. ஒட்டகத்துக்கும் மானுக்கும் பக்கத்துல மனுஷாளையே கொண்டுவந்து காட்சிக்கு வெச்சா. குடிசை கட்டிக் கொடுத்து, 'நீ எப்பவும் போல சமைச்சுச் சாப்பிடு, ஜனங்க பாக்கட்டும்'னு. லட்சம் லட்சமா டிக்கெட் வித்தது. இவன் கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போய் மிருகத்தை மட்டும் பாத்துட்டு வரலை போலிருக்கு."

கத்தரீனாள் அந்தச் சின்னக் கோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவளுக்குக் காதுக்குள் கொதித்தது. எத்தனை பேர் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒருத்தி அரைப்பதையும் குழந்தைக்கு ஊட்டுவதையும் பார்த்துச் சிரித்திருப்பார்கள்!

"மேடம், எப்படி, ஒரிஜினல்தானே?" என்று வெளியிலிருந்து ஸ்ரீஜித் கேட்டார்.

"ஒரிஜினல்தான்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

தோட்டத்து ஓரமாக நடந்தபோது ராமபத்ரன் தன் தீர்ப்பைச் சொன்னார். "இவனேதான் கதவை ஒளிச்சு வெச்சிருக்கான். விஷயம் வெளியில வராம இருக்க."

"இல்ல வே. அவனுக்கு அது கரடிக் கூண்டுதான். விஷயம் தெரிஞ்சவன் அந்தச் சொவத்தை நமக்குப் பெருமையாக் காட்டுவானா? கதவை எடுத்தவனுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கு. கதவு கெடச்சா ஆளும் கெடப்பான். நாலு பேரு தூக்குத கனம். வெளிய போன வண்டி எதுவும் இல்லன்னு வாசல் கேமராவுல பாத்தாச்சு. அப்போ கதவு பூங்காவ விட்டு ரோட்டுக்குப் போகல."

"மேடம், கெணத்துல எட்டிப் பாத்துட்டேன். குப்பைமேட்டைக் கிளறிட்டேன். இன்னும் அந்த ஃபைபர் முதலையோட வாய்க்குள்ளதான் கை விடலை."

அந்த நேரத்தில், பூங்காவின் பின்வேலிக்கு அப்பால், மீனாட்சிபுரமே காது பொத்திக்கொள்ளும்படி ஒரு வசவு கேட்டது. திட்டு வாங்கியது ஒரு மாடு.

வேலியின் திறப்பைத் தாண்டி ஒரு வாய்க்கால். வாய்க்கால் மேல் தென்னந்தடி போட்ட சின்னப் பாலம். அக்கரையில் ஐந்தாறு மாடுகள் வரிசையாக நின்றுகொண்டு, பாலத்தைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தன. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் நர்மதா. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள்.

"என்னம்மா, மாட்டுக்கும் உனக்கும் பேச்சுவார்த்தையா?" என்றார் ராமபத்ரன்.

"அதையேன் கேக்கறீங்க சாமி! வருஷக்கணக்கா இதே பாலத்துல போன மாடுங்க. இப்ப ரெண்டு நாளா ஒண்ணும் கால் வெக்க மாட்டேங்குது. சுத்திக்கிட்டு ரோட்டு வழியா ஓட்டிட்டுப் போயிக் கறந்து கொண்டுபோறதுக்குள்ள சொசைட்டிய மூடிப்போடறாங்க. இத்தனைக்கும் யாரோ நல்ல மனசுக்காரங்க பாலத்து மேல மண்ணும் வைக்கலும் போட்டுக் கெட்டி பண்ணித்தான் வெச்சிருக்காங்க. நான் நடந்தா கிண்ணுனு இருக்குது. இந்தச் சனியனுகளுக்குத்தான் கொழுப்பு!"

கத்தரீனாள் நின்றாள். பாலத்தைப் பார்க்கவில்லை. மாட்டின் காலைப் பார்த்தாள். முன்னால் நின்ற செவலைப் பசு குளம்பை மெதுவாக வைக்கோல் மேல் வைத்தது. சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்துக்கொண்டது.

"வே சாமி, எங்க எஸ்டேட்டுல மேனேஜர் பங்களாவுக்கு வாசல் கதவே கெடையாது, தெரியுமா?"

"மேனேஜர் அவ்வளவு நல்லவரா?"

"மண்ணாங்கட்டி. வாசல்ல ஒரு குழிய வெட்டி, மேல இரும்புக் கம்பிய எடவெளி விட்டுப் போட்டிருப்பான். காரு போவும், ஆளு போவும். மாடு மட்டும் போவாது. கம்பி எடவெளியில குளம்பு எறங்கிரும்னு மாட்டுக்குப் பயம். அவன் ரோசாச் செடிய எங்க மாடு ஒருநாளும் கடிச்சதில்ல." அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "அந்த வைக்கலைத் தள்ளும்."

ராமபத்ரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் தள்ளினார். வைக்கோல், அடியில் மண், மண்ணுக்கடியில் கறுப்பாக ஒரு கம்பி. பக்கத்தில் இன்னொரு கம்பி. அப்புறம் இன்னொன்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாழ்ப்பாள்.

"பகவானே," என்றார் அவர். "கதவு மாடு மேய்க்க வந்திருக்கு!"

மாடுகள், இதைத்தானே இரண்டு நாளாகச் சொல்கிறோம் என்பதுபோல நர்மதாவைப் பார்த்தன.

கத்தரீனாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வாய்க்கால் கரையில், வேலியின் உள்பக்கமாக, குப்பை தள்ளும் இரும்பு வண்டி நின்றது. அதன் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அந்தப் பூட்டின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள்.

"மொக்கையன் அண்ணாச்சி," என்றாள்.

"ஐயோ! நம்ம கட்சிக்காரியோட அப்பனையே நாம பிடிச்சுக் கொடுத்தா, எலப்புள்ளிக்கு எந்த மூஞ்சியோட திரும்பறது?"

"பழைய இரும்புக்குப் போடுதவன் பாலத்துல போடுவானாவே? வாரும்."

டிக்கெட் அறையின் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். கூட்டம் முன்பக்கத்தை மொய்த்துக்கொண்டிருந்ததால் அங்கே ஆளில்லை. கத்தரீனாள் ஜன்னலருகே குந்தினாள்.

"அண்ணாச்சி, கதவைப் பாத்துட்டேன். கூண்டையும் பாத்துட்டேன். கரடி சுண்ணாம்பு தொடைக்காது."

மொக்கையனின் தாடை நின்றது. வெகுநேரம் அசைந்துகொண்டேயிருந்த தாடை. எழுந்து ஜன்னலருகே வந்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார். "புள்ளைக்குத் தெரியக் கூடாதுங்க."

"யாரு இருந்தா உள்ள?"

"எங்கப்பனோட அப்பாருங்க. அவரு சின்னப் பையனா இருந்தப்ப. அவருக்கு அப்பன் ஆத்தாளோட. மலையில இருந்து கூட்டிட்டு வந்தாங்களாமுங்க, தோட்ட வேலைன்னு சொல்லி. வந்தப்புறம் இதுக்குள்ள உக்காந்து சோறாக்கோணும், திங்கோணும். அதான் வேலை. பொழுதெறங்குனா வெளிய உடுவாங்க. விடிஞ்சா உள்ள." அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பன் சாகறப்பதான் எங்கிட்டச் சொன்னாரு. நான் எம் புள்ளைக்குச் சொல்லல. இத்தனை வருஷமா அந்த எடத்துக்குக் காவலா நின்னா யாரும் கிட்டப் போகாமப் பாத்துக்கலாம்னு நின்னேன். இப்ப அதுக்குள்ள நின்னு கரடி மூஞ்சிய மாட்டிட்டுப் பல்லக் காட்டி போட்டோ எடுப்பாங்களாம். வயிறு எரிஞ்சுபோச்சுங்க. கழட்டி, குப்பை வண்டியில சாச்சுத் தள்ளிட்டுப் போயிப் போட்டேன். மாடுங்க மிதிக்கட்டும், சாணி போடட்டும்னு."

"மாடு ஒண்ணும் மிதிக்கல அண்ணாச்சி."

"மிதிக்கலீங்களா?" முதல் தடவையாக அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "எனக்கு மாட்டோட கொணம் தெரியாதுங்க."

"இதைச் சொல்லிருந்தா உங்கள ஏன் உள்ள வைக்கான்?"

"திருடன்னா நாலு நாளைக்குப் பேசுவாங்க. இதைச் சொன்னா எம் புள்ளையப் பாக்கறப்பெல்லாம் பேசுவாங்க. 'கூண்டுல இருந்த கூட்டம்'னு. நான் ஜெயிலுக்குப் போறேனுங்க. நீங்க கண்டுபுடிக்கலைன்னு போயிருங்க."

கத்தரீனாள் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். சுவர் மூலையில், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு, அனுப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்பதை அந்தப் பாட்டில் சொன்னது; பிடித்த பிடியில் அது நசுங்கிப் போயிருந்தது.

"அப்பா," என்றாள். "ஜெயிலுக்கு அந்த மொதலாளி போவான்."

ஸ்ரீஜித்திடம் விஷயத்தைச் சொன்னபோது மூன்றரை மணி இருக்கும். பந்தல்காரர்கள் வாய்க்காலிலிருந்து கதவைச் சுமந்து வந்து கூண்டின் முன் நிறுத்தியிருந்தார்கள். கத்தரீனாள் சுவரைக் காட்டினாள். அடுப்புக் கல்லைக் காட்டினாள். சின்ன விரலின் கோட்டைக் காட்டினாள். காட்டிவிட்டு, அவர் முகம் விழப்போகிறது என்று காத்திருந்தாள்.

முகம் விழவில்லை. மலர்ந்தது. ஃபைபர் புலியே பொறாமைப்படுகிற அளவுக்கு மலர்ந்தது.

"மேடம்! நீங்க துப்பறிவாளர் இல்ல, தெய்வம்!" அவர் கரடி முகமூடிக் குவியலை மேசையிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். "இந்தியாவுல யாருகிட்ட இருக்கு இது? கரடிய யாரு பாப்பா? இதுக்குக் கூட்டம் அள்ளும்! இங்க ஒரு மெழுகு பொம்மை. ஆம்பளை, பொம்பளை, குழந்தை. அடுப்புல லைட் வெச்சு எரியற மாதிரி... இல்ல, இல்ல. பொம்மை எதுக்கு?" அவர் மொக்கையனைத் திரும்பிப் பார்த்தார். கதவு கிடைத்துவிட்டதால் அவரை வெளியே விட்டிருந்தார்கள். போலீஸ் வரும்வரை பக்கத்தில் இரண்டு ஆள் காவல். "அதே குடும்பம்! ஒரிஜினல் வாரிசு! மொக்கையா, கேஸெல்லாம் வேண்டாம், போ. நீயும் உன் பொண்ணும் ஞாயித்துக்கிழமையில மட்டும் இதுக்குள்ள உக்காந்தாப் போதும். சம்பளம் நானே கூட்டித் தாரேன்!"

அனுப்பிரியா ஒரு அடி முன்னால் வைத்தாள். கத்தரீனாள் அவள் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே அனுப்பிரியாவுக்குத் தெரிந்தது, இந்தப் பெண்மணி இப்போது கத்தப்போவதில்லை என்று.

கத்தரீனாள் சிரித்தாள். ராமபத்ரன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கோபத்தில் பல ரகம் உண்டு. சிரிப்பு அதில் கடைசி ரகம்.

"நல்ல யோசனை சார்," என்றாள். "ஆனா உள்ள வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணுமில்லா? அடுப்புப் பக்கத்துல நீங்களே ஒரு நிமிஷம் குந்திப் பாருங்க. நான் வெளிய நின்னு சொல்லுதேன், ஜனங்களுக்கு மொகம் தெரியுதான்னு."

"கரெக்ட்!" ஸ்ரீஜித் துள்ளிக் குதித்து உள்ளே போனார். அடுப்புக் கல்லருகே கஞ்சி வேட்டி மொடமொடக்கக் குந்தினார். "தெரியுதா மேடம்?"

"இன்னும் கொஞ்சம் உள்ள. அந்த அம்மிக் கல்லு கிட்ட. ஆங், அங்கதான்."

அவள் பந்தல்காரர்களைப் பார்த்தாள். அவர்களும் முழுக்கதையையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார்கள். நாலு பேர் குனிந்தார்கள். கதவு தூக்கப்பட்டது, கீலில் இறங்கியது. மொக்கையன் நடந்து வந்தார். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

"ஏய்! என்ன விளையாட்டு இது? தொறடா!"

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. காலையில் டிக்கெட் அறையை மொய்த்த அதே கூட்டம். கூண்டுக்குள் ஓர் ஆள் கம்பியைப் பிடித்து உலுக்குகிறார் என்றால் கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? போன்கள் உயர்ந்தன. காலையில் குழந்தையைத் தூக்கிக் காட்டியவர் மறுபடி தூக்கிக் காட்டினார். யாரோ கம்பி வழியாக ஒரு கடலைப் பொட்டலத்தை வீசினார்கள். அது ஸ்ரீஜித்தின் மார்பில் பட்டுச் சிதறியது. உடனே எல்லாரிடமும் எப்படியோ கடலை இருந்தது.

"யாரும் மிருகத்தைச் சீண்டப்படாது," என்றார் ராமபத்ரன், பழைய ரயில்வே குரலில். "வரிசையா வாங்கோ, வரிசையா. அவர் ஒரிஜினலாக்கும்!"

தூரத்தில் மந்திரி காரின் சைரன் கேட்டது. ஸ்ரீஜித்தின் முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. "மேடம், தயவுசெய்து! மந்திரி வர்றார்! என்ன வேணும் உங்களுக்கு?"

இப்போதுதான் கத்தரீனாள் கத்தினாள். கணவாயில் நின்றிருந்த காற்று அந்தக் கத்தலில்தான் திரும்பக் கிளம்பியது என்று ராமபத்ரன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

"ஒரு நிமிஷம் ஆவல, வேர்த்துக் கொட்டுது! போட்டோ எடுக்கானேன்னு கூசுது! பொழுது பூரா இருந்தாங்க வே, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு! உம்ம கைக்குப் பக்கத்துல, கீழ பாரும். அது என்னன்னு இந்த ஜனங்களுக்குச் சத்தமாச் சொல்லும்!"

ஸ்ரீஜித் குனிந்து பார்த்தார். சைரன் நெருங்கியது.

"விரல்," என்றார்.

"கேக்கல!"

"குழந்தையோட விரல்! கரடி இல்ல! இங்க மனுஷங்கள வெச்சிருந்தாங்க! என் கொள்ளுத்தாத்தா வெச்சிருந்தாரு!" அவர் மந்திரி கார் வரும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மொக்கையன் திருடல! போதுமா?"

கூட்டத்தில் உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. குழந்தையைத் தூக்கியவர் அதை இறக்கி, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குப் போதும். அவளுக்குப் போதுமான்னு கேளும்," என்று கத்தரீனாள் அனுப்பிரியாவைக் காட்டினாள்.

அனுப்பிரியா கம்பிக்கு அருகில் வந்தாள். "கரடிக் கூண்டுங்கற போர்டு போகோணும். இப்ப நீங்க சொன்னத அங்க எழுதி வெக்கோணும். ஒரு வார்த்தை கொறையக் கூடாது. இனி இதுக்குள்ள பொம்மையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்." கொஞ்சம் யோசித்தாள். "கதவும் வேண்டாம்."

"சரி, சரி! எல்லாம் சரி!"

இத்தனை பேர் முன்னால் சொன்ன சரி. கீழே இறங்கிய போன்களில் பாதி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மொக்கையன் தாழ்ப்பாளை விடுவித்தார். ஸ்ரீஜித் தலைமுடியில் கடலையோடு மந்திரியை வரவேற்க ஓடினார். பந்தல்காரர்கள் மாட்டிய கதவை மறுபடி கழற்றினார்கள்.

"இதை எங்க கொண்டுபோறது மேடம்?" என்றார் ஒருவர்.

"மாடு நடக்கற எடத்துல மட்டும் போட்டுடாதீங்கோ," என்றார் ராமபத்ரன். "அதுகளுக்கு மானம் ஜாஸ்தி."

மொக்கையன் மகளின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "ஊர் பேசும் கண்ணு," என்றார் மெதுவாக.

"பேசட்டும்ப்பா. வெக்கப்பட வேண்டியது நாமளா?" அனுப்பிரியா அவர் மடியைக் காட்டினாள். "அந்த டப்பாவக் குடுங்க."

"எதுக்கு? நீ வெத்தலை போட மாட்டியே."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஆள்காட்டி விரலை விட்டாள். கூண்டைச் சுற்றிக்கொண்டு, கருங்கல் சுவரின் வெளிப்பக்கம் போய் நின்றாள். உள்ளே அந்தச் சின்ன விரல் இருந்த இடம் இங்கே எங்கே வரும் என்று கண்ணால் அளந்தாள். குனிந்து, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். நுனியில் ஒரு சின்ன வளைவு.

ஈரம் காயும்வரை அங்கேயே நின்றாள். கத்தரீனாளும் கூட நின்றாள். மேடையிலிருந்து மைக்கில் கூப்பிட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை.